பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

“அப்பா கையில இருக்கிற ஸ்பேனர் எனக்கு வேணும்.”

சின்னவள் இப்படிச் சொன்னதும் ஹாலில் அழுகை நின்றுவிட்டது. அக்கா மட்டும் பாதி விசும்பலை உள்ளே இழுக்கவும் முடியாமல் வெளியே விடவும் முடியாமல் விக்கினாள்.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஸ்பேனரைத் தவிர. அது அப்பா போட்ட சட்டம். பஸ் டெப்போவில் முப்பது வருஷம் வண்டிக்கடியில் படுத்தவர். “இந்தக் கிரீஸ் உன் கையில படக்கூடாதுன்னுதான் படிக்க வச்சேன்” என்பார். படிக்க வைத்ததோ மெக்கானிக்கல் இன்ஜினியரிங். குடும்பத்தின் முதல் பட்டதாரியான சின்னவள், நாலு வருஷமும் எஞ்சினைப் படத்தில் பார்த்தே பாஸானாள். அதே டெப்போ ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு வேலை, திங்கட்கிழமை வந்து சேரவும் என்று கடிதம் வந்ததோடு அப்பா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று நாள்.

இன்று காலை அந்தக் கோபத்தோடேயே, கேட்டுக்குள் நின்ற தன் பழைய காருக்கு டைமிங் பெல்ட் மாற்ற உட்கார்ந்தார். பதினோரு மணிவாக்கில் மட்கார்டில் சாய்ந்தபடியே போய்விட்டார். கூப்பிட்டால் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அதனால் அம்மா பக்கத்தில் டீ வைத்து, அது ஆறிப்போனதற்குத் திட்டி, இன்னொரு டீயும் வைத்திருந்தாள்.

இப்போது கார் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. முன்சக்கரம் ஒன்று இல்லை. எஞ்சினைப் பிடித்திருக்கும் மவுண்ட்டும் கழன்று, எஞ்சின் ஜாக்கியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள், டெப்போ ஃபோர்மன் உட்பட, காருக்கும் சுவருக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அப்பா எப்படி வெளியே போவார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

“சுவர் மேல தூக்கிக் குடுத்துடலாம்” என்றார் பெரியப்பா.

“அந்தப் பக்கம் நாய் இருக்கே.”

“செத்தவனை அது என்ன பண்ணப் போகுது?”

“தூக்குறவங்களைப் பண்ணுமே!”

அக்காவின் கணவர் பேங்க் ஆபீசர். “பெல்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு, சக்கரத்தை மாட்டித் தள்ளிடலாம். எப்படியும் காயலான் கடைக்குப் போற வண்டிதானே” என்றார்.

“மவுண்ட் இல்லாம தள்ளினா எஞ்சின் ரோட்டுல கிடக்கும், அத்தான். மவுண்ட்டை மாட்டிட்டா பெல்ட் உள்ள நுழையாது. பெல்ட் போட்டு, மவுண்ட் போட்டு, நானே ஓட்டி வெளிய எடுக்கறேன். அந்த போல்ட்டுக்கு இந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர்தான் எட்டும். அப்பாவே வளைச்சது.”

“அது அவரோடயே போகட்டும்னு முடிவு பண்ணியாச்சு.”

உண்மையில் முடிவு பண்ணியது அப்பாவின் விரல்கள். அத்தான் டவல் சுற்றி இழுத்துப் பார்த்துத் தோற்றிருந்தார்.

சின்னவள் சோப்புத் தண்ணீரோடு வந்து உட்கார்ந்தாள். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். கட்டைவிரல் மட்டும் அசையவில்லை.

“எனக்குன்னா மட்டும் எப்படிப்பா இவ்வளவு பிடிவாதம்?” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “விடுப்பா.”

யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு வந்தது.

வாசலுக்குப் போய் எஞ்சின் பக்கம் குனிந்து டார்ச் அடித்தவள், டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பெல்ட் ஓடும் மேல் பல்சக்கரமும் கீழ்ப் பல்சக்கரமும் எந்தப் பல்லில் சேர வேண்டும் என்று அப்பா புள்ளி வைத்திருந்தார். ரோஸ் கலர் புள்ளி. அவளுடைய நெயில் பாலிஷ். மூன்று நாளாக முகம் பார்க்காத மனுஷன், அவள் மேஜையைத் துழாவியிருக்கிறார். பாட்டிலை மூடி வைக்கவும் இல்லை.

“என்னடி?” என்றாள் பின்னாலேயே வந்த அக்கா.

“ஒண்ணுமில்ல. கிரீஸ் வாடை.”

பெல்ட்டைப் பல்லில் உட்காரவைத்து இறுக்கினாள். பிறகு எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். வெளியே, அப்பாவை ஏற்றிப் போக வந்த வேனின் டிரைவர் ஹாரன் அடித்தார்.

“ஏம்மா, எனக்கு இன்னொரு சாவு இருக்கு.”

“அது எங்கயும் ஓடிடாது, அண்ணே.”

“ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட வேண்டியதுதானே?” என்றார் அத்தான்.

“ஒரு பல் தப்பினா வால்வெல்லாம் வளைஞ்சிடும். உங்க பேங்க்ல ஒரு சைபர் தப்பினா பரவாயில்லையா?”

இரண்டு முழுச் சுற்று. புள்ளிகள் சொன்ன இடத்துக்கு வந்து நின்றன. மவுண்ட்டையும் சக்கரத்தையும் மாட்டி, சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஃபோர்மன் தன்னை மறந்து ஒரு தட்டுத் தட்டி, சேர்ந்த கைகளைச் சட்டென்று கும்பிடாக மாற்றிக்கொண்டார்.

அவள் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்தபோது அப்பாவைத் தூக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

“போய்க் கையைக் கழுவு” என்றார் அத்தான். “திங்கட்கிழமை எங்க பேங்க்ல உனக்கு இன்டர்வியூ சொல்லி வச்சிருக்கேன். மாமா ஆசையும் அதுதான்.”

சின்னவள் அவரைத் தாண்டி ஃபோர்மனைப் பார்த்தாள். “சார், காலை ஷிப்ட் எத்தனை மணிக்கு?”

ஃபோர்மன் அப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“ஆறு” என்றார், தரையைப் பார்த்து.

அம்மா எழுந்து வந்தாள். மகள் கன்னத்தில் அப்பியிருந்த கிரீஸைத் துடைக்க முந்தானையைத் தூக்கினாள். பாதியில் என்ன நினைத்தாளோ, அதால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தூக்கியவர்கள் படியிறங்குவதற்கு முன்பே சின்னவள் கேட்டைத் தாண்டி வேனை நோக்கி நடந்துவிட்டாள்.