ரொவீனாவைத் தவிர வேறு யாராவது

லான்செஸ்டன் நகரத்து நல உதவி அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"வீட்டுக்காரருக்கு மறதி. பகல்ல கொஞ்ச நேரம் யாராவது கூட இருந்தா நீங்க மூச்சு விட்டுக்கலாம். அவ்வளவுதானேம்மா? இதுக்கு ஏன் கடல் தாண்டிக் கூப்பிடறீங்க? உங்க தீவுலேயே ஆள் இருக்காங்க. சமூக நல மையத்துல ரொவீனான்னு ஒருத்தங்க. தங்கமானவங்க. நம்பர் தரட்டுமா?"

கிளெனிஸ் கையிலிருந்த போனை முறைத்துப் பார்த்தாள். அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். தங்கமான ரொவீனா அவளுடைய நாத்தனார்.

"வேற யாராவது இருக்காங்களா?"

"வியாழக்கிழமை விமானத்துல இங்கேருந்து ஒரு நர்ஸ் உங்க மையத்துக்கு வருவாங்க."

"அவங்க எந்த ஊரு?"

"ஹோபார்ட்."

"எங்க தீவுல சொந்தக்காரங்க யாராச்சும் உண்டா அவங்களுக்கு?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இல்லம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை வர்றேன்," என்று வைத்துவிட்டாள்.

ஏன் என்று கேட்கிறாளே, அவளுக்கென்ன தெரியும்! பாஸ் நீரிணைக்கு நடுவில் ஒரு தீவு. இருப்பது சில நூறு பேர். யார் வீட்டுச் சிம்னியில் இன்னும் புகை வரவில்லை என்பது எதிர்வீட்டுக்குத் தெரியும்; யார் வண்டி யார் வாசலில் நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் கிளெனிஸ் இரண்டு வருஷமாக ஒரு முழு மனிதனை மறைத்து வைத்திருந்தாள்.

கெல்வின் கண்ணுக்கெதிரே கரைந்துகொண்டிருந்தான். முதலில் ஆட்களின் பெயர்கள் போயின. பிறகு நாட்கள் போயின. போன குளிர்காலத்தில் அடுப்படியில் நின்றுகொண்டு, "கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று விருந்தாளி மாதிரி மரியாதையாகக் கேட்டான். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

ஊருக்கு அவள் சொன்ன கதை வேறு. "அவருக்குக் காது சுத்தமா அவுட்டு. கத்தினாலும் கேக்காது. நீங்க பாட்டுக்குக் கையைக் காட்டிட்டுப் போங்க." ஊர் நம்பியது. கெல்வினிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. வண்டியில் எதிரே வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போனார்கள். அவனும் தூக்கினான். விரல் மட்டும் மறக்கவில்லை.

ரொவீனாவிடம் போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் கெல்வினின் அம்மா இப்படித்தான் புத்தி தடுமாறிக் கிடந்தாள். கூட வைத்திருந்த ரொவீனா, ஒரு நாள் திடீரென்று லான்செஸ்டனிலிருந்த முதியோர் இல்லத்துக்கு அவளை விமானமேற்றிவிட்டாள். கடல் தெரியாத ஒரு அறை. ஈஸ்டர் வருவதற்குள் கிழவி அதே விமானத்தில் பெட்டிக்குள் திரும்பி வந்தாள். கல்லறையில், எல்லோர் காதும் கேட்க, கிளெனிஸ் சொன்னாள்: "பெத்தவளைப் பார்சல் கட்டி அனுப்பினியே, நல்லா இருப்பே!" அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அதே ரொவீனாவுக்குத்தான் பிறகு மையத்தில் வேலை கிடைத்தது. யாருக்கு என்ன உதவி, யாரை எங்கே அனுப்புவது எல்லாம் இப்போது அவள் மேஜையில்தான். கெல்வின் விஷயம் தெரிந்தால் அடுத்த பார்சல் அவன்தான் என்று கிளெனிஸ் நினைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் கெட்டியான பனிமூட்டம். கிளெனிஸ் வண்டியை மையத்து வாசலில் விடாமல், தள்ளி மாதா கோயில் பக்கம் நிறுத்தினாள். அங்கே நின்றால் பூ வைக்க வந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள். கெல்வினின் கையில் ஒரு இறைச்சிப் பன்னைக் கொடுத்தாள்.

"இங்கேயே இருங்க. இதைத் தின்னு முடிக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

"சரிங்கம்மா," என்றான் கெல்வின்.

சாவி வண்டியிலேயே இருந்தது. அந்தத் தீவில் யாரும் வண்டிச் சாவியைக் கையோடு எடுத்துப்போவதில்லை. எடுத்தால், 'ஏன், எங்களைத் திருடன்னு நினைக்கிறியா?' என்று அர்த்தம். அவசரத்துக்கு யார் வண்டியை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், மாலையில் பெட்ரோல் போட்டுத் திருப்பி விடுவார்கள். இரண்டு வருஷமாக வீட்டில் கத்தி, தீப்பெட்டி, மாத்திரை என்று தேடித் தேடி ஒளித்தவளுக்கு, பிறந்ததிலிருந்து பழகிய இந்த ஒன்று மட்டும் தோன்றவே இல்லை.

மையத்தில் நர்ஸ் இல்லை. ரொவீனாதான் உட்கார்ந்திருந்தாள்.

"விமானம் கிளம்பவே இல்ல அண்ணி, பனி. என்ன விஷயம்?"

எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த 'அண்ணி' கிளெனிஸின் காதில் சுருக்கென்று விழுந்தது.

"ஒண்ணுமில்ல. ரத்தக் கொதிப்பு பாக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. அடுத்த தடவை வர்றேன்."

ரொவீனா ஏதோ கேட்க வாயெடுத்தாள். கிளெனிஸ் அதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

கோயில் பக்கம் வண்டி இல்லை. பன் சுற்றியிருந்த காகிதம் மட்டும் ஈரப் புல்லில் கிடந்தது.

அவள் கோயிலைச் சுற்றி ஓடினாள். சாலையில் மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள். எங்கே பார்த்தாலும் வெள்ளை. யாரிடம் கேட்பது? 'என் வீட்டுக்காரர் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்' என்றால் சிரிப்பார்கள். அவள் சொன்ன கதைப்படி அவனுக்குக் காது மட்டும்தானே கேட்காது! தானே நடந்து தேடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மையத்துக்குத் திரும்பினாள்.

"ரொவீனா, அவர் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு."

"அதுக்கென்ன அண்ணி? அவரு வண்டிதானே?"

"அவருக்கு... வீட்டுக்கு வழி தெரியாது."

ரொவீனா பேனாவைக் கீழே வைத்தாள். விளக்கம் கேட்கவில்லை. அந்த நோயை அவள் பார்த்திருக்கிறாள்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம்."

"அடப் பாவமே," என்று சொல்லிக்கொண்டே அவள் போனை எடுத்தாள். ரொட்டிக் கடையில் கேட்டாள். ஆமாம், கெல்வின் போனார், விரலைத் தூக்கினார். பெட்ரோல் பங்கில் கேட்டாள். ஆமாம், நாங்களும் தூக்கினோம், படகுத்துறைப் பக்கம் போனார். ஊரே அவனைப் பார்த்திருந்தது. ஊரே விரலைத் தூக்கி அவனை வழியனுப்பி வைத்திருந்தது.

ரொவீனாவின் வண்டியில் துறைக்குப் போனார்கள். பனி விலகத் தொடங்கியிருந்தது. பதிலுக்கு மேற்குக் காற்று கிளம்பியிருந்தது. கெல்வினின் வண்டி கதவு திறந்தபடி நின்றது. சரிவில் லிண்ட்சே மீன் அறுத்துக்கொண்டிருந்தான்.

"கெல்வின் அண்ணனா? இப்பத்தான் என் படகைத் தள்ளி விட்டேன்," என்றான் உற்சாகமாக.

"தள்ளி விட்டியா?" கிளெனிஸின் குரல் கிறீச்சிட்டது.

"ஏன்க்கா? பறவைத் தீவைக் கையால காட்டினாரு. சீசன் வருதுல்ல, குடிசைக் கூரையைப் பாக்கப் போறாருன்னு நினைச்சேன். நான் என்னத்தைக் கேக்கறது? நீங்கதானே சொன்னீங்க, காது கேக்காதுன்னு!"

கிளெனிஸ் படகு நிறுத்தும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். லிண்ட்சேமேல் என்ன தப்பு? பறவைக் குஞ்சு பிடிக்கும் சீசனுக்கு முன்னால் எல்லாக் குடும்பமும் பறவைத் தீவில் தங்கும் குடிசையைச் சீர்செய்யப் போகும். கேட்டவனுக்குப் படகைக் கொடுத்துத் தள்ளி விடுவதுதான் அங்கே மனுஷத்தனம். அவனைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே ஒரு கேள்வியை அவள்தான் அடைத்து வைத்திருந்தாள்.

"உன் படகுல ரேடியோ இருக்கா?" என்றாள் ரொவீனா.

"இருக்கு."

துறையை ஒட்டிக் கடல் மீட்புக் குழுவின் தகரக் கொட்டகை இருந்தது. தீவில் ஒருத்தருக்கு ஒரு வேலையோடு நிற்காது. மையத்து ரொவீனாதான் குழுவின் ரேடியோவுக்கும் ஆள். அவள் கதவைத் தள்ளித் திறந்து ஒலிவாங்கியை எடுத்தாள்.

"எல்லாப் படகுக்கும். லிண்ட்சே படகுல கெல்வின் தனியா போயிருக்காரு. அவரு வழி தவறியிருக்கலாம். பாத்தவங்க சொல்லுங்க."

கரகரவென்று ஒரு சிரிப்பு வந்தது. நண்டுப் படகு மர்ரே. "கெல்வின் வழி தவறறதாவது! எனக்கு இந்தக் கடலைக் காட்டிக் குடுத்ததே அவருதான். விளையாடறியா ரோ?"

ரொவீனா ஒலிவாங்கியைக் கிளெனிஸிடம் நீட்டினாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க, அண்ணி. நீங்கதான் சொல்லணும்."

அந்த அலைவரிசையைப் படகுகள் மட்டும் கேட்பதில்லை. தீவில் பாதி வீடுகளின் சமையலறையில் அது நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். கிளெனிஸ் பொத்தானை அழுத்தினாள்.

"மர்ரே, கிளெனிஸ் பேசறேன். அவருக்குப் புத்தி தடுமாறுது. ரெண்டு வருஷமா. காது நல்லாத்தான் கேக்குது, நான்தான் பொய் சொன்னேன். தயவு பண்ணித் தேடுப்பா."

மர்ரே இப்போது வேறு குரலில், "இதோ கிளம்பிட்டேன்," என்றான். இன்னொரு படகு தான் வடக்கே போவதாகச் சொன்னது.

"கெல்வின் அண்ணே, நான் ரோ பேசறேன். கேக்குதா?" ரொவீனா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கொட்டகையின் தகரம் காற்றில் தடதடத்தது. கடல்நீர் வற்றும் ஓட்டம் வேறு தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது சின்னப் படகுகளை வெளிக்கடலுக்கு இழுத்துவிடும்.

"ரோ?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே! எங்க இருக்கீங்க?"

"தண்ணியில."

"அது தெரியுது! பக்கத்துல என்ன இருக்கு?"

"வெள்ளைப் பாறை. சீல் ரெண்டு படுத்துக்கிட்டு என்னையே பாக்குது. அம்மா குடிசைக்கு வந்துட்டாளா?"

ரொவீனா கண்ணை மூடித் திறந்தாள். அதற்குள் மர்ரே குறுக்கிட்டான். "அந்தப் பாறை தெரியும். வர்றேன். எஞ்சினை அணைக்கச் சொல்லு. இல்லேன்னா நான் போறதுக்குள்ள பாறையைத் தாண்டிடுவாரு."

"அண்ணே, எஞ்சினை அணைங்க."

"மாட்டேன். அணைச்சா அவ வந்து பிடிச்சுருவா."

"யாரு?"

"வீட்டுல ஒருத்தி இருக்கா. நல்லவதான். நல்லா சமைக்கறா. ஆனா கதவைப் பூட்டிடறா, ரோ. பின்கதவையும் பூட்டிடறா. நான் இங்க இருக்கறதை அவகிட்ட சொல்லிடாத."

தீவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கிளெனிஸுக்கு முகம் எரிந்தது. ரொவீனா அவளைப் பார்க்காமல் ஒலிப்பெருக்கியைக் குறைக்கக் கை நீட்டினாள். கிளெனிஸ் அந்தக் கையை விலக்கிவிட்டு ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"அந்த ஒருத்திதான் பேசறேன்."

இரைச்சல். எஞ்சின் சத்தம்.

"கோவமா இருக்கியா?" என்றான் கெல்வின்.

"இல்லைங்க. பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

"உங்களை என்கிட்டேருந்து எங்கேயாவது அனுப்பிடுவாங்களோன்னு."

மெதுவாக அவன் சொன்னான்: "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா. எது எங்கே இருக்குன்னே தெரியல."

இரண்டு வருஷமாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு அவனும் பயந்திருக்கிறான். அவள் ஒரு நாள்கூட அவனிடம் கேட்டதில்லை.

"நான் கதவைப் பூட்ட மாட்டேன். எஞ்சினை மட்டும் அணைங்க."

அவன் குரலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த உறுமல் நின்றது.

"அணைச்சுட்டேன்," என்றான் சமர்த்தாக.

மர்ரே அவனை எட்டும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. "ஆள் கிடைச்சுட்டாரு. நனைஞ்சிருக்காரு, நல்லா இருக்காரு," என்று மர்ரே சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரொவீனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அனுப்பிடுவியா?" என்றாள் கிளெனிஸ். "அம்மாவை அனுப்பின மாதிரி."

ரொவீனா தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அம்மாவுக்கு ஆரம்பிச்சப்ப நான் யார்கிட்டயும் சொல்லல, அண்ணி. உங்ககிட்டயும் சொல்லல, அண்ணன்கிட்டயும் சொல்லல. நம்ம வீட்டு மானம் நம்ம வீட்டோடன்னு மூணு வருஷம் தனியா இழுத்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாம அம்மாவைக் கன்னத்துல அறைஞ்சுட்டேன். அன்னிக்குத்தான் டாக்டர்கிட்ட ஓடினேன். அப்ப அந்த விமானம் ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

காற்று கொட்டகையை உலுக்கியது. கிளெனிஸ் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை சட்டை மாட்ட மறுத்தவனை நோக்கி அந்தக் கை ஓங்கி, பாதியில் நின்றிருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் கல்லறையில சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"விடுங்க."

தூரத்தில் மர்ரேயின் படகுச் சத்தம் கேட்டது. துறையில் வண்டிகள் வந்து நிற்கும் ஓசையும் கேட்டது. ரேடியோவில் கேட்டவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே போய் அத்தனை முகத்தையும் பார்த்தாக வேண்டும்.

"ரொவீனா," என்றாள் கிளெனிஸ். "இன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல வந்து படுத்துக்கறியா? நான் தூங்கி ரொம்ப நாளாச்சு."

"வர்றேன் அண்ணி," என்று சொல்லி, ரொவீனா எழுந்து அவளுக்குக் கை கொடுத்தாள்.