கலர் மாறும் நேரம்

அக்காவும் மாமாவும் பேச்சை நிறுத்திப் பல நாளாகிவிட்டது. சண்டை எதற்கு என்று கேட்டால் இருவருக்குமே சரியாக நினைவிருக்காது. ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற பயம் மட்டும் இருவருக்கும் உண்டு. ஒரே கூரையின் கீழ் குடித்தனமும் எம்பிராய்டரி பட்டறையும் நடத்திக்கொண்டு, இப்படி ஒரு வீம்பு! அக்காவின் தம்பிதான் மெக்கானிக். அதனால் மெஷினோடு சேர்த்துத் தூது போகும் வேலையும் அவன் தலையில் விழுந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அன்று மெஷினின் நூல் வெட்டும் கத்தி மழுங்கிப்போய், கலர் மாறும் ஒவ்வொரு முறையும் நூலைக் கடித்து இழுத்துத் துணியைச் சுருக்கிக்கொண்டிருந்தது. தம்பி கம்ப்யூட்டர் திரையில் கத்தியின் வேலையை நிறுத்திவைத்தான். புதுக் கத்தி வரும்வரை, கலர் மாற மெஷின் நிற்கும்போது கத்தரிக்கோலால் நீயே வெட்டிக்கொள் என்று அக்காவிடம் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டுப் பின்னறைக்குச் சாப்பிடப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் மாமா இந்தப் பக்கம் வந்தார். கலர் மாறும்போதெல்லாம் மெஷின் நின்றுவிடுகிறது, யாராவது பட்டனை அழுத்தும்வரை சும்மா கிடக்கிறது, இப்படிப் போனால் ஆர்டர் முடிந்த மாதிரிதான் என்று புலம்பினார். சின்ன வேலைதான். கலர் மாறியதும் மெஷின் தானாகவே தைக்கத் தொடங்கும்படி தம்பி மாற்றிவைத்தான்.

"அக்காகிட்ட சொல்லிடணும் மாமா."

"நீ கிளம்பு. நான் சொல்லிக்கிறேன்."

கிளம்பிவிட்டான், மடையன். பேசாத மனுஷன் எப்படிச் சொல்வார் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஒருநாளாவது தூது மிச்சம் என்கிற நிம்மதி அவன் கண்ணை மறைத்துவிட்டது.

உதிரி பாகக் கடையில் கத்திக்காகக் காத்திருந்தபோது, அதுவரைக்கும் நூலை யார் வெட்டுவார்கள் என்று கடைக்காரர் பேச்சுவாக்கில் கேட்டார்.

"அக்காதான். கலர் மாற மெஷின் நிக்கும்ல, அப்போ ஊசிக்கு அடியில கையை விட்டு..."

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. மெஷின் இனி யாருக்காகவும் காத்திருக்காது. கலர் மாறுவது ஒரு மூச்சு விடும் நேரம். உடனே ஊசிகள் இறங்க ஆரம்பித்துவிடும். அக்காவின் போனுக்கு அடித்தான். மெஷின் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது! மாமாவுக்கு அடித்தான். எடுத்தார். பின்னால் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, அக்காகிட்ட சொன்னீங்களா?"

"திரையிலதான் காட்டுதே. பார்த்துக்கமாட்டாளா?"

"ஓடுங்க மாமா. மெஷினை நிறுத்துங்க. அவ கையை உள்ள விடுவா."

நாற்காலி தரையில் இழுபட்டது. மாமா ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. மெஷின் நின்றது. நிறுத்திவிட்டார் என்று தம்பி மூச்சு விட்டான். ஆனால் மாமாவின் காலடி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; மெஷின் நின்றது கலர் மாறத்தான்.

மெஷின் மறுபடியும் தைக்கத் தொடங்கியது.

அத்தனை நாளுக்குப் பிறகு அக்கா தன் புருஷனைக் கூப்பிட்டாள். அந்த அலறல் தம்பிக்குப் போனிலேயே கேட்டது.