லிஃப்ட்காரர் வீடு இறங்கிய காலை

அலுவலகத்தில் பழைய லிஃப்டைக் கழற்றிய வாரம், லிஃப்ட்காரரின் வீடு தரையை விட்டு எழும்பி முதல் மாடி உயரத்தில் நின்றது. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே ஓடு, அவ்வளவுதான் வீடு. எதிர்வீட்டுக்காரர் ஏணி கொண்டுவந்து சாத்தினார். தெருவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாய் எட்டவில்லை என்று அவர் மனைவி மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள்.

புது லிஃப்ட் பொத்தானை அமுக்கினால் தானே போகும், அதற்கு ஆள் தேவையில்லை. அதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அதே சம்பளத்தில் கீழே வரவேற்பு மேசையில் உட்காரச் சொன்னார்கள். மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷமும் கதவைப் பார்த்து நின்று, ஏறியவர்களுக்கு முதுகைக் காட்டியே பிழைத்தவர். ஆட்களைச் சத்தத்தால்தான் தெரியும்: மூன்றாவது மாடி இருமல், ஐந்தாவது மாடிப் பெருமூச்சு. இனி முகம் பார்க்க வேண்டுமாம்! முதல் நாளே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் முதுகிடம் வழி கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். அவமானம் தாங்காமல் லீவு போட்டு வீட்டுக்குள் அடைந்துகொண்டார். மறுநாள் காலைதான் வீடு எழும்பியது. அவர் அடைந்து கிடக்கக் கிடக்க, அது நாளுக்கு ஒரு மாடியாக ஏறியது. ஏணி எட்டாமல் போனதும் காய்கறி, பால் எல்லாம் கயிறு கட்டிய வாளியில் மேலே வந்தன.

உள்ளே இன்னொருத்தியும் அடைந்து கிடந்தாள். மகள், கணவனை விட்டுவிட்டுப் பெட்டியோடு திரும்பி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. என்னம்மா ஆச்சு என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவரோ அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் வந்தாலே வாசல் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். கோபம் என்று நினைத்தாள். கோபமெல்லாம் இல்லை, பாவம், பழக்க தோஷம். அழுத முகத்தைப் பார்க்கத் தைரியமும் கிடையாது.

வீடு நான்காவது மாடி உயரத்துக்குப் போன சமயத்தில் அவளுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று போனில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை அவள் தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கீழே போகணும்ப்பா."

லிஃப்ட்காரரின் கை தானாகவே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்தது. வீடு ஒரு குலுங்கு குலுங்கியதோடு சரி. சுவரில் இருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது.

"அதான் போகலன்னு தெரியுதில்ல? பொண்ணு மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்களேன்!" என்று சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"வேலைக்குப் போறேன்ப்பா. போகட்டுமா வேண்டாமான்னு என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் திரும்பினார். மகள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கன்னத்தில் பவுடர் திட்டாக இருந்தது. வரவேற்பு மேசையில் அவரைப் பிடித்து உலுக்கிய அதே பயம் அந்த முகத்திலும் இருந்தது.

"பயமா இருக்காம்மா?"

"ஆமாப்பா."

"எனக்கும்தான். போயிட்டு வா. நாளைக்கு நானும் போறேன்."

வீடு சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கியது. அவர் கதவைப் பார்க்கவேயில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். தரை தட்டியதும் தாழ்ப்பாளைத் திறந்து, "பார்த்து இறங்கு" என்றார்.

மறுநாள் அவரும் போய் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டார். மூன்றாவது மாடி இருமல் ஒரு சின்னப் பையனுடையது என்று தெரிந்து வியந்துபோனார். வீடு இன்றைக்கும் இருவரும் வேலைக்குப் போன பிறகு மேலே போகிறது. துணி சீக்கிரம் காய்கிறது என்று மனைவியும் விட்டுவிட்டாள். மாலையில் மகள் தெருமுனை திரும்பியதுமே அது இறங்க ஆரம்பித்துவிடும். அப்போது அடுப்பில் இருக்கும் பால் சிந்தாமல் அம்மா பாத்திரத்தைப் பிடித்துக்கொள்வாள்.