முப்பத்திரண்டாவது தட்டு

மினோரி குனிந்தாள். எல்லாம் அதில்தான் தொடங்கியது.

எங்கள் மிகுரா ஊரின் சாமுராய் வீட்டில், கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போகும் வழியில் உத்தரம் மிகத் தாழ்வாக இருக்கும். வாளை ஓங்கிக்கொண்டு வருகிறவனின் மண்டை உடையட்டும் என்று அப்படிக் கட்டினார்களாம். கீழே ஒரு மரப்படியும் உண்டு. எல்லோரும் படி தடுக்காமலிருக்கக் காலைப் பார்த்துக்கொண்டே போய்த் தலையை இடித்துக்கொள்வார்கள். சீட்டு கிழிக்கும் ஒகிதா பெரியவர் அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வேலைக்கே வருகிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அன்று நானும் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். மினோரி என்னைவிடக் கொஞ்சம் உயரம். கட்டாயம் இடித்துக்கொள்வாள், நெற்றியைத் தேய்த்தபடி சிரிப்பாள், நான் கைக்குட்டையை நனைத்து ஒற்றி எடுப்பேன். ஒரு வாரமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி அது. அவளோ ஏதோ பேசிக்கொண்டே, மேலே ஏறிட்டும் பார்க்காமல், தலையை மட்டும் இறக்கி உள்ளே போய்விட்டாள்.

"அட, தப்பிச்சிட்டாளே!" என்றார் ஒகிதா. "ஏம்மா, முன்னாடியே வந்துட்டுப் போனவளா நீ? இசாமு, உன் ஆளு என் பொழப்பையே கெடுத்துட்டாப்பா."

மினோரியின் காது சிவந்தது.

நான் மிகுரா நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மினோரி துறைமுக நகரத்தில் நூலகர். ஒரு பயிற்சி முகாமில் பழகி ஓராண்டாகிறது. எப்போதும் நான்தான் ரயிலேறிப் போய் அவளைப் பார்ப்பேன். அவளை எங்கள் ஊருக்கு வரவழைத்தது அன்றுதான் முதல்முறை. பகல் முழுக்க ஊரைச் சுற்றிக் காட்டுவது, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப்போய் அம்மா அப்பாவுக்கு அறிமுகப்படுத்துவது, சாப்பாடு முடிந்ததும் என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்பது. இதுதான் திட்டம். அப்பா அதற்காக முடிகூட வெட்டிக்கொண்டிருந்தார். நான் சாமுராய் வீடு, அருங்காட்சியகம், பழைய பள்ளிக்கூடம், ஊரை ஆண்ட பழைய பிரபுவின் தேநீர் இல்லம் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் வரைபடமாக வரைந்து, ஆங்காங்கே சிறு மரங்கள்கூடப் போட்டு வைத்திருந்தேன்.

வாய்க்காலோரம் நடக்கும்போது கேட்டேன். "முன்னாடி வந்திருக்கியா?"

"ம்."

"யாரோட?"

அவள் நின்றாள். வாய்க்காலில் கெண்டைகள் நிழலைக் கண்டு வாயைத் திறந்துகொண்டு கூடின.

"குரோகின்னு ஒருத்தர். அவரைத்தான் கட்டிக்கிறதா இருந்தேன். அப்புறம் வடக்க மாத்தலாகிப் போனாரு, அதோட முடிஞ்சுது. காலையில ஸ்டேஷன்லயே சொல்லணும்னு நெனச்சேன் இசாமு. நீ அந்த வரைபடத்தை எடுத்து நீட்டின. அதுல மரமெல்லாம் போட்டிருந்த. எப்படிச் சொல்றது?"

"பரவால்ல. எனக்கென்ன," என்றேன்.

மொழிபெயர்ப்பு நாவல்களில் பொறாமையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அங்கே அது கறுப்புக் கோட்டு அணிந்து, மழையில் தெருவிளக்கின் அடியில் நிற்கும். என்னிடம் அப்படி வரவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய எள் போல வந்தது. நாக்கு அதையே தேடித் தேடிப் போனது.

"அவன் தலை இடிச்சுதா?"

"இடிச்சுது." அவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "பெரிய சத்தம். அந்தப் பெரியவர் ஐஸ் கட்டி கொண்டு வந்து குடுத்தாரு."

அந்தச் சிரிப்பைத்தான் நான் ஒரு வாரமாக எனக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

அருங்காட்சியகத்தில் எங்கள் பிரபுவின் போர்க்கவசம் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்து ஆள் குள்ளம். கவசம் பள்ளிப் பையனுக்குத் தைத்தது போலிருக்கும். அதன் மார்பில் கோத்திருக்கும் நீல நூல் எங்கள் ஆற்றங்கரையில் சாயம் தோய்த்தது என்று சொல்ல ஒரு நல்ல வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், "இதைப் பாத்துட்டு அவன் என்ன சொன்னான்?" என்றேன்.

"யாரு?"

"குரோகி."

"ஞாபகமில்ல."

"நல்லா யோசிச்சுப் பாரு."

மினோரி பெருமூச்சு விட்டாள். "என் ஒத்தைக் கால்கூட இதுக்குள்ள போகாதுன்னாரு. போதுமா?"

அப்படியென்றால் பெரிய ஆள். இடித்த தலை, பெரிய கால். கண்ணாடியில் என் உருவம் கவசத்தின் மேல் விழுந்தது. எனக்கு அது அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. அடுத்த அறையில் பழைய மீன்சந்தை மணி, நெசவுத்தறி, வெள்ளம் வந்த ஆண்டின் படங்கள். எல்லாவற்றின் முன்னாலும் ஒரு அகலமான முதுகு எனக்கு முன்பே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு நோபுயே அக்கா கடைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் கடைப் பெயரோடு தொங்கிய துணியைப் பார்த்ததுமே மினோரி, "வேற கடைக்குப் போலாமே?" என்றாள். நான் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு வந்து அங்கே சாப்பிடாமல் போவது மரியாதையில்லை.

எங்கள் ஊரில் குளிர்ந்த நூடுல்ஸைச் சிறு சிறு பீங்கான் தட்டுகளில் வைப்பார்கள், ஒரு தட்டில் மூன்று வாய். தின்னத் தின்னத் தட்டுகள் பக்கத்தில் கோபுரமாக உயரும். முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு மரச்சீட்டில் பெயர் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்கு ஆசைப்படுவதில்லை. அது வெளியூர்க்காரர்களின் விளையாட்டு. உட்கார்ந்ததும் என் கண் சுவருக்குப் போனது. மினோரி அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறாள் என்பதிலிருந்தே எந்த இடத்தில் தேடுவது என்று தெரிந்தது.

குரோகி தெப்பேய். முப்பத்தொன்று.

"இசாமு தம்பி, வா வா! இவங்கதான் அவங்களா?" நோபுயே அக்கா மினோரியை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கம்மா காலையிலயே மீன் சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சாச்சு. ஆளுக்கு எத்தனை தட்டு?"

"இவளுக்கு ஏழு. எனக்கு வந்துகிட்டே இருக்கட்டும்."

"வயித்துக்கு என்னாச்சு ஒனக்கு?"

"பசிக்குதுக்கா."

மினோரி குரலைத் தாழ்த்தினாள். "வேணாம் இசாமு. இது அசிங்கமா இருக்கு."

"சாப்பிடறது அசிங்கமா?"

பத்துவரை ருசி தெரிந்தது. பதினைந்தில் துருவிய காரமுள்ளங்கி கண்ணில் நீர் வரவைத்தது. அது முள்ளங்கியால்தான் என்று சொல்லிக்கொண்டேன். இருபதுக்கு மேல் மெல்லவில்லை, தலையை நிமிர்த்தி விழுங்கினேன். பக்கத்து மேசையில் இருந்த சுற்றுலாப் பயணிகள் கை தட்ட ஆரம்பித்தார்கள். மினோரி தன் ஏழு தட்டையும் முடித்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, "நான் அவரோட தட்டுக்காக அவரை விரும்பல, தட்டுக்காக விடவும் இல்ல," என்றாள். நான் அடுத்த தட்டை இழுத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டாவது தட்டு காலியானதும் நோபுயே அக்கா சமையலறையிலிருந்து சின்ன முரசைக் கொண்டுவந்து அடித்தாள். "நம்ம ஊர்ப் பையன்! எத்தனை வருஷத்துக்கு அப்புறம் நம்ம ஊர்ப் பையன்!" தூரிகையால் என் பெயரை எழுதி, நாற்காலி மேல் ஏறி, காலியிடம் தேடினாள். சுவர் நிறைந்திருந்தது. ஒரே ஒரு ஆணியில்தான் ஒன்றுமில்லை. அது குரோகியை ஒட்டி இருந்தது.

"அக்கா, வேற எங்கயாவது..."

"வேற எங்க இருக்கு? நல்ல துணைதான். முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு. அண்ணன் தம்பி மாதிரி."

இந்தக் கடை இருக்கும்வரை நானும் அவனும் தோளோடு தோள் தொங்குவோம். மினோரி எழுந்து வெளியே போய்விட்டாள்.

வாசலில் காத்திருந்த மினோரியோடு பழைய பள்ளிக்கூடத்துக்கு எப்படி நடந்து போனேனோ தெரியாது. வழக்கம்போல வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, அங்கே வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். சாமுராய்ப் பிள்ளைகள் மண்டியிட்டுப் படித்த கூடம் அது. மினோரி அவர்களுடைய எழுத்துப் பலகைகளைக் குனிந்து பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கழிப்பறைக்கு ஓடினேன். நீண்ட நேரம் கழித்து, வெளிறிப்போய்த் திரும்பி வந்து, அவள் பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"இங்கயும் வந்தானா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். காவலுக்கு இருந்த அம்மாளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றாள் அந்த அம்மாள் மெதுவாக, "கால்ல."

நான் கழிப்பறைக்குள் மட்டும் போடும் செருப்பை மாற்றாமல் பள்ளிக்கூடத்தின் கூடத்துக்குள் வந்திருந்தேன். ரப்பர்ச் செருப்பு, மேலே பெரிதாகக் 'கழிப்பறை' என்று எழுதியது. குழந்தைகள்கூடச் செய்யாத காரியம். வேறொரு நாளாக இருந்தால் மினோரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அன்று அவள் அந்த அம்மாளிடம் இடுப்பு மடியக் குனிந்து எனக்காக மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அதைவிட வெட்கம் எதுவும் இல்லை.

தேநீர் இல்லத்தின் வாசலில் ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். குளத்தில் காற்றடித்தது.

"இசாமு, நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாம கேளு," என்றாள். "காலையில ரயில்ல நான் தனியாத்தான் வந்தேன். ஸ்டேஷன்ல நீ ஒருத்தன்தான் நின்ன. ஆனா இப்ப நாம மூணு பேரு. நடுவுல அவரை நீதான் கூட்டிட்டு வந்துட்ட. மூணு பேரா உங்கம்மா முன்னாடி போயி உக்கார என்னால முடியாது."

"இனிமே கேக்க மாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா."

"அப்ப சரி. இப்ப உள்ள போயி இதைப் பாக்கலாம். அப்புறம் உங்க வீட்டுக்கு. அவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இன்னிக்கு மட்டுமில்ல, என்னைக்கும். முடியலன்னா இப்பவே சொல்லிடு, அடுத்த ரயில் இருக்கு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். அது சில்லென்று, தண்ணீர்ப் புட்டியின் ஈரத்தோடு இருந்தது. முடியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"இந்த பெஞ்சுல உக்காந்தானா?"

மினோரி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. சாயங்காலம் நூலகத்தை மூடும்போது கடைசி மேசையில் தூங்கிக்கொண்டிருக்கிறவனை எழுப்புகிற முகம் அது.

"இல்ல," என்றாள். "அவரு உள்ள போயி எல்லாத்தையும் பாத்தாரு."

கையை விலக்கிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள். நான் எழ முயன்றபோது, "வேணாம், வழி தெரியும்," என்றாள்.

மேம்பாலத்துக்கு அப்பால் ஒற்றைப் பெட்டி ரயில் கூவும்வரை அந்த பெஞ்சிலேயே இருந்தேன். அப்போது அம்மா போனில் அழைத்தாள்.

"எங்கடா இருக்கீங்க? அடுப்பைப் பத்த வச்சுட்டேன். மீனுக்கு உப்பு தூக்கலா போடவா, கம்மியாவா? அந்தப் பொண்ணுக்கு எப்படிப் பிடிக்கும்?"

குரோகியின் கால் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அவன் எத்தனை தட்டு தின்றான், எங்கே இடித்துக்கொண்டான், யார் ஐஸ் கட்டி கொடுத்தார்கள், எல்லாம் தெரியும்.

"தெரியாதும்மா," என்றேன்.