நாலாவது ஹீட்டர் ராடு

மார்கழியில் சிதம்பரத்துத் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் மோகனப்பிரியாவின் நியாயம் விளங்கும். அறையில் ஹீட்டர் ராடு வைத்திருக்கக் கூடாதென்று கீழ வீதிப் பக்கத்து அந்தப் பெண்கள் விடுதியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஒட்டட்டுமே. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வாங்கிய ராடு அவள் பெட்டிக்கடியில் சால்வைக்குள் பத்திரமாக இருந்தது. தன்னைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தைரியம் வராதென்றே அவள் நினைத்திருந்தாள்.

2007ஆம் வருஷம் அது. தினமும் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மாடி முழுக்க இருட்டாகிவிடும். பியூஸ் போய்விடும், ஐந்து நிமிடத்தில் கரண்ட் வந்தும் விடும். எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் வார்டன் சவரியம்மாள் டார்ச்சோடு மாடியேறினார். பியூஸ் கட்டையும் கம்பியுமாகக் கையும் களவுமாகப் பிடிபட்டாள் புஷ்பவள்ளி. மோகனப்பிரியாவின் அறைத்தோழி, காட்டுமன்னார்கோயிலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரின் மகள்.

"ராடு போட்டு பீஸப் போக்கறதும் நீ, யாருக்கும் தெரியாம கட்டறதும் நீ. ஒங்கப்பாவ வரச் சொல்லிடறேன். பெட்டியக் கட்டு" என்றார் சவரியம்மாள்.

புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பரீட்சைக்கு ஏழே நாள் இருந்தது. இப்போது விடுதியை விட்டுப் போனால் இந்த வருஷம் போன மாதிரிதான். அவள் துணி மடிப்பதை மோகனப்பிரியா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ராடு தன்னுடையது. சொன்னால் தன் பெட்டியைக் கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் கோவிந்தசாமி வந்து பியூஸ் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு ராடு போதும் மேடம். இந்தப் பீஸச் சாப்பிட்டுரும்."

மோகனப்பிரியா பிசிக்ஸ் இரண்டாம் வருஷம். மின்னியல் பேப்பரில் அரியர் வைத்து, அதே கணக்குகளை மறுபடியும் போட்டு மண்டை காய்ந்துகொண்டிருந்தவள். ஒரு ராடு போதுமாம். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விறுவிறுவென்று அறைக்குப் போய்த் தன் ராடை எடுத்துவந்து வராந்தா மேசை மேல் வைத்தாள்.

"ராடு என்னோடது மேடம். புஷ்பாவோடது இல்ல. எத்தன வாட்டுன்னு எழுதியிருந்தது அழிஞ்சுபோச்சு, அளந்தே பாத்துருவோம்."

மற்ற அறைகளின் சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டு ராடை வாளித் தண்ணீரில் இறக்கினார்கள். கோவிந்தசாமி தன் மீட்டரை போர்டு ஒயரில் கவ்வ வைத்தார். வோல்ட்டேஜ் இருநூற்று இருபது, கரண்ட் நாலு புள்ளி இரண்டு. மோகனப்பிரியா சுவரிலிருந்த நோட்டீஸின் காலி இடத்திலேயே பேனாவால் எழுதினாள்.

"ரெண்டையும் பெருக்கினா பவர். தொள்ளாயிரத்து இருவத்துநாலு வாட், ஆயிரம்கூட இல்ல. பீஸ் கட்டைல போட்டிருக்கறது பதினஞ்சு ஆம்பியர், இது இழுக்கறது நாலு சில்லற."

"விடிகாலைல வோல்ட்டேஜ் ஜாஸ்தியா வரும் பாப்பா. எறநூத்து நாப்பதுகூடப் போவும்" என்றார் கோவிந்தசாமி விடாமல்.

"வரட்டும். வோல்ட்டேஜக் கரண்டால வகுத்தா ராடோட தடை, அம்பத்திரண்டு ஓம். அது பெருசா மாறாது. எறநூத்து நாப்பத அம்பத்திரண்டால வகுங்க. நாலு புள்ளி ஆறு. அப்பவும் பீஸ் போகாது."

கோவிந்தசாமி மீட்டரைப் பைக்குள் வைத்தார். மோகனப்பிரியாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் சவரியம்மாள் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் இன்னும் நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு ராடுன்னா பதிமூணு புள்ளி எட்டு, தாங்கும். நாலுன்னா பதினெட்டத் தாண்டுது. பீஸ் தெனமும் போவுது. அப்ப இந்த மாடில கொறஞ்சது நாலு ராடு இருக்கணும்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு மாடிப் பெண்கள் பக்கம் திரும்பினார். "மிச்சம் மூணு எங்க?"

நுணலும் தன் வாயால் கெடும். பத்துப் பேர் மோகனப்பிரியாவை எரித்துவிடுகிறாற்போல முறைத்தார்கள். முறைத்தபடியே ஒவ்வொருத்தியாக அறைக்குப் போனாள். துண்டில் சுற்றிய ராடு வந்தது, பாவாடைக்குள் ஒளித்த ராடு வந்தது, ரெக்கார்டு நோட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒன்று வந்தது. மேசை மேல் மொத்தம் பதினொன்று.

"அம்பது ஆம்பியர். கட்டடம் எரியாம இருந்தது மாதா புண்ணியம்" என்றார் சவரியம்மாள். "பன்னெண்டு பேர்ல பதினொண்ணு வந்துருச்சு. புஷ்பவள்ளி, ஒன்னோடது?"

"எனக்கு இல்ல மேடம். பச்சத்தண்ணிதான்."

"அப்பறம் ஏன்டி பீஸு கட்டின? ஏன் வாயத் தொறக்கல?"

"லைட்டு இல்லாட்டி படிக்க முடியாதே மேடம். சொல்லியிருந்தா எல்லார் பெட்டியும் வெளிய போயிருக்கும்."

முறைத்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். சவரியம்மாள் மேசை மேலிருந்த ராடுகளை மறுபடியும் எண்ணிப் பார்த்தார். பதினொரு பேரையும் அனுப்பினால் மாடியில் மிஞ்சுவது இவள் ஒருத்திதான்.

"ராடெல்லாம் இனிமே கீழ எங்கிட்ட இருக்கும். ஒரு நேரத்துக்கு மூணு, மொறை வச்சு. நாலாவது ஓடினா மொத்தப் பேரும் வெளிய. புஷ்பவள்ளி, துணியத் திருப்பி அலமாரில வை. ஒங்கப்பா வந்தா சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு. நாளைலேருந்து மொத வெந்நி ஒனக்கு. பரீட்ச முடியற வரைக்கும் வாளியத் தூக்கிட்டு வந்து வைக்கறது மோகனப்பிரியா."

மறுநாள் விடியற்காலை அரைத்தூக்கத்தில் தட்டுத்தடுமாறி, ஆவி பறக்கும் வாளியைக் குளியலறை வாசலில் கொண்டுவந்து வைத்தாள் மோகனப்பிரியா. புஷ்பவள்ளி விரலை விட்டுப் பார்த்துச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இவ்ளோ சூட்டுல யாருடி குளிப்பா? ரெண்டு சொம்பு பச்சத்தண்ணி விளாவு."

மோகனப்பிரியா தொட்டியில் சொம்பை முக்கி விளாவினாள்.