ஹீட்டருக்குள்ள குளவிக்கூடு

வணக்கம் கண்ணுங்களா, எல்லாரும் சௌக்கியமா கீறீங்களா? பனி எறங்க ஆரம்பிச்சிட்டுது, தலைக்கு துணி கட்டாம வாசல்ல நிக்காதீங்க. நெஞ்சுல சளி கட்டினவங்க ஒரு டம்ளர் மிளகு ரசம் குடிச்சிட்டு வந்து ஒக்காருங்க. இன்னைக்கு சொல்லப் போறது கிருஷ்ணவேணின்னு ஒரு பொம்பள ஏரில வலை போட்ட கதை. நெனச்சா இப்பவும் எனக்கு ஒடம்பெல்லாம் பரபரன்னுது!

பனமலைக்கு இந்தாண்ட ஒரு ஊரு. எம்பத்தாறோ எம்பத்தேழோ, தை மாசம். அந்த ஊரு ஏரி மீன் குத்தகைய வருஷா வருஷம் தாண்டவராயன்தான் எடுப்பாரு. கிருஷ்ணவேணிக்கு மூத்தாரு, வூட்டுக்காரரோட அண்ணன். வூட்டுக்காரர் தவறிப்போன பிறவு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டு குடும்பத்த ஓட்டிக்கினு இருந்த பொம்பள, அந்த வருஷம் ஏலத்துல எழுந்து நின்னு கேட்டுட்டா. ஏரி அவ கைக்கு வந்துட்டுது. தாண்டவராயன் துண்ட ஒதறி தோள்ல போட்டாரு.

"எடுத்துட்ட, சந்தோசம். காணும் பொங்கலன்னைக்கு வெயில் ஏறறதுக்குள்ள விழுப்புரம் மார்க்கெட்ல மீன் எறங்கணும். எறங்கலன்னா அடுத்த வருஷம் ஏலத்துப் பக்கம் தலை வெக்காத. சரியா?"

ஊரே கேட்டுக்கினு இருக்குது. "சரிங்க மாமா"ன்னுட்டா.

காணும் பொங்கலுக்கு வூட்டுக்கு வூடு கறியும் மீனும்தான? அன்னைக்கு வுட்டா அம்மாம் மீனு எப்பவும் வித்துராது. அதனால கிருஷ்ணவேணி லேசுப்பட்ட ஏற்பாடு பண்ணல. மரக்காணத்துலருந்து கடல்ல வலை இழுக்கற ஆளுங்கள திண்டிவனம் வழியா பஸ்ஸுல வரவெச்சா. அவங்களுக்குப் பெரியவரு சேட்டு. ஆளு கட்டுமரமாட்டம் இருப்பாரு. கிருஷ்ணவேணியோட மகன் சீனுவாசன் டெம்போ கொண்டாற விக்கிரவாண்டிக்குப் போயிட்டான். மருமவ தேவகி மண்ணெண்ண ஸ்டவ்வுல டீ போட்டுக்கினு கீறா.

காணும் பொங்கல். கெழக்கால இன்னும் வெளுக்கல. ஏரி மேல பனி பஞ்சாட்டம் மூடிக்கினு கெடக்குது. சேட்டு ஆளுங்க வலைய எறக்கி வளைச்சு இழுத்தா, நடுவுல நின்னுட்டுது! அடில வேலிகாத்தான் முள்ளு. முங்கிப் போய் வுடுவிக்கணும். மாரியப்பன்னு ஒரு ஆளு முங்கினான். வெளிய வந்தா ஒதடு நாவப்பழம்.

"யக்கா, இன்னாக்கா தண்ணி இது!"ன்னு பல்லு தந்தியடிக்குது. "எங்க கடலு இந்நேரத்துக்கு கதகதன்னு தாலாட்டும். இது ஐஸு பேக்டரி!"

இன்னும் ரெண்டு பேரு முங்கினாங்க. அவங்களும் அதே கதிதான். சேட்டு கைய விரிச்சிட்டாரு. "யம்மா, ஆளுங்க குளிர் காயாம மறுக்கா எறங்க மாட்டாங்க. கையி மரத்துப்போச்சுன்னா முள்ளுலயே மாட்டிக்குவான். நெருப்பு போடு."

நெருப்பா? எதை வெச்சு போடறது? ஊருல காஞ்சதுன்னு இருந்த பாயி, மொறம், ஓலை எல்லாத்தையும் மூணு நாளு முன்னாடிதான் போகிக்கு கொளுத்திட்டாங்க! மிச்சம் கீற பனமட்டை எல்லாம் ராத்திரி தூறல்ல நனைஞ்சு கெடக்குது. பத்த வெச்சா பொகைதான் வருது.

கரை மேல குந்திக்கினு இருந்த தாண்டவராயன் பீடிய இழுத்துக்கினே, "வெயில் வந்தா எறங்கட்டும். மீனு எங்க போவப் போவுது?"ன்னாரு. வெயில் வந்தப்புறம் புடிச்சு விழுப்புரம் போறதுக்குள்ள அங்க எல்லார் வூட்லயும் கொழம்பு கொதிச்சிடும். அது அவருக்குத் தெரியாதா என்ன?

அப்பதான் துரைக்கண்ணு குதிச்சான். கிருஷ்ணவேணியோட தம்பி, மிலிட்டிரில காஷ்மீர் பக்கம் இருந்துட்டு ரிட்டையர் ஆயி அக்கா வூட்டுக்கே வந்துட்டவன். "யக்கா! என் ஹீட்டரு!"

சின்ன கேஸ் சிலிண்டரு, அதுக்கு மேல கிண்ணியாட்டம் ஒண்ணு. பத்த வெச்சா கிண்ணி செவசெவன்னு காயும், சுத்தி நாலு பேரு குளிர் காயலாம். வந்த நாளுலருந்து இவன் அதைப் பத்தி அளக்காத அளப்பு இல்ல. "அங்க ஏரியே கல்லாட்டம் ஒறைஞ்சு பூடும். அது மேல நடந்து போயி, ஓட்டை போட்டு, தூண்டில எறக்கிட்டு, இந்த ஹீட்டர பக்கத்துல வெச்சுக்கினு ஒக்காருவாங்க"ம்பான். டீக்கடையில இவன் தலை தெரிஞ்சாலே, "வா மிலிட்டிரி, ஏரி மேல நடந்தா வந்த?"ன்னு கேப்பானுங்க.

வூட்டுக்கு ஓடி, பரண் மேல ஏறி, தூக்கிக்கினு வந்துட்டான். "மார்கழிலயே எறக்கி தொடைச்சு வெக்கிறேன்னு சொன்னேன். பரண்ல கை வெக்காதன்னு நீதான யக்கா கத்தின?"

கிருஷ்ணவேணி கத்தினதுக்குக் காரணம் இருந்துச்சு. பொரட்டாசிலருந்து ஒரு குளவி வாய்ல மண்ண கவ்விக்கினு பரண் மேல போறதும் வர்றதுமா இருந்தத அவ பாத்துட்டா. குளவி வூட்ல கூடு கட்டினா அந்த வூட்ல தொட்டில் ஆடும்னு சொல்லுவாங்க இல்ல? தேவகி கல்யாணம் ஆயி வந்து எத்தினியோ வருஷம், இன்னும் வயித்துல ஒண்ணும் தங்கல. அதான் பரண் பக்கமே யாரையும் வுடல. வெளக்கமாறக் கூட மேல காட்டல. வாயத் தொறந்து யாருகிட்டயும் சொல்லவும் இல்ல.

துரைக்கண்ணு ஹீட்டர கரைல வெச்சான். ஆளுங்க எல்லாம் சுத்தி வந்து குந்திட்டாங்க. வத்திக்குச்சி கிழிச்சான். பக்குன்னு மஞ்சளா ஒரு கொழுந்து. அப்பால பொகை. அப்பால அவிஞ்சிட்டுது.

"காஷ்மீரே காலி!"ன்னு மாரியப்பன் நடுங்கிக்கினே சிரிக்கிறான்.

"இரு இரு." சிலிண்டர தூக்கி ஆட்டிப் பாத்தான். உள்ள தளதளன்னுது. "கேஸு கீது. குளிர்ல சிலிண்டரு வெறைச்சிருக்கும். அங்கல்லாம் அப்டித்தான் ஆவும்." டீ போட வெச்ச வெந்நியில துணிய நனைச்சு சிலிண்டர சுத்தினான். பத்த வெச்சான். அதே மஞ்சள், அதே பொகை.

"அது காஷ்மீர் குளிரு கேக்குதுடா"ன்னாரு தாண்டவராயன்.

ரெகுலேட்டர கழட்டினான், வாஷர பாத்தான், மாட்டினான். எங்கனா ஒழுகுதான்னு சோப்பு நொரைய தடவிப் பாத்தான். ஒரு கொப்புளம் கூட எழும்பல. ஸ்டவ் பின்னு வாங்கி கேஸு வர்ற ஜெட்டுல குத்தினான். திருகினா உஸ்ஸுன்னு நல்லாவே வருது.

"கேஸு நல்லா வருது யக்கா. காத்துதான் சேரல. காத்து கலந்தாதான் நீலமா எரியும்." காத்து போற கொழாய்ல டார்ச்ச அடிச்சான். "த்தோ! மண்ணு! உள்ள மண்ணு அடைச்சிக்கினு கீது. ஒரு கம்பி குடு, ஒரே குத்துதான்..."

கிருஷ்ணவேணிக்கு அப்பதான் வெளங்கிச்சு. குளவி பரண்ல எங்க கூடு கட்டுச்சுன்னு!

"கைய வெக்காதடா!"

அவ கத்தின கத்துல ஏரி கொக்கெல்லாம் எழும்பிடுச்சு. டீ தூக்கோட வந்த தேவகி அப்டியே நின்னுட்டா.

"இன்னா யக்கா?"

"குளவிக்கூடுடா அது. ஒடைக்காத."

எல்லாரும் தேவகிய பாத்தாங்க. தேவகி மாமியாரப் பாத்தா. மாரியப்பனோட பல்லு சத்தம்தான் கேக்குது. அப்பால தேவகி, "பரண எட்டி எட்டிப் பாத்தீங்களே அத்த, எலிக்குன்னு இல்ல நெனச்சேன். இதுக்கா?"ன்னா.

"உனக்குத்தான். வேற யாருக்கு?" கிருஷ்ணவேணி சேட்டு பக்கம் திரும்பினா. "மீனு போனா போவட்டும்யா. வலைய வெயில் வந்தப்புறம் வுடுவியுங்க."

தாண்டவராயன் மீசைய தடவினாரு. "அப்ப அடுத்த வருஷம் ஏரி?"

"நீங்களே எடுத்துக்குங்க மாமா."

"இன்னா எடுத்துக்கறது?" தேவகி டீ தூக்க டொம்முன்னு கீழ வெச்சா. அது வரைக்கும் மூத்த மாமா எதிர்ல வாய் தொறக்காத பொண்ணு. "அத்த, எனக்கு புள்ள வர்றப்ப வரட்டும். ஏரிய உனக்காவ வுட்டுட்டேன்னு ஆயுசுக்கும் நான் கேக்கணுமா?" துரைக்கண்ணு பக்கம் திரும்பினா. "சின்ன மாமா, டார்ச்ச காட்டுங்க!"

கொழாய்க்கு நேரா குனிஞ்சு ஒரு கண்ண மூடிக்கினு பாத்தா. "அத்த, இங்க வாங்க, நீங்களே பாருங்க. மண்ணுல ஓட்டை ஓட்டையா கீது. எல்லாம் பொரிஞ்சு பறந்துட்டுதுங்க. ஒண்ணே ஒண்ணுதான் மூடிக்கினு கீது."

"அந்த ஒண்ணு?"

"ஒடைக்காம எடுக்கறேன். ஜல்தி, தண்ணி!"

தலைலருந்து கொண்டை ஊசிய உருவினா. ஓரமா ஒரு சொட்டு தண்ணி வுட்டா, மண்ணு ஊறிச்சு, சுத்தி சுத்தி சொரண்டினா. தேச்ச அப்பளத்த கல்லுலருந்து பேக்கற மாதிரி அவ்ளோ பக்குவம். முங்கி முத்தெடுக்கற மாதிரி எல்லாரும் மூச்ச புடிச்சிக்கினு நிக்கறாங்க. கிருஷ்ணவேணி ரெண்டு கையையும் ஏந்திக்கினு நிக்கறா. பொலக்குன்னு முழுசா வந்து வுழுந்துச்சு அவ உள்ளங்கைல! மூடின அறை மூடினபடியே கீது.

"ஆச்சு! பத்த வையி!"

துரைக்கண்ணு கொழாய ஊதிட்டு வத்திக்குச்சிய காட்டினான். குப்புன்னு நீலம்! ஒரு நிமிஷத்துல கிண்ணி கண்ணு செவந்து கனகனன்னுது. மரக்காணத்து ஆளுங்க விசிலடிக்கிறாங்க. "மிலிட்டிரி மாமா வாழ்க!" கையி சூடானதும் மாரியப்பன் தொபுக்குன்னு ஏரில குதிச்சான். ஒருத்தன் காய, ஒருத்தன் முங்க, மாத்தி மாத்தி முள்ள வெட்டி வலைய வுடுவிச்சிட்டாங்க.

"இழு! ஐலசா!"

அந்தாண்ட பாதி, இந்தாண்ட பாதி கயித்த புடிச்சாங்க. தேவகியும் பொடவைய தூக்கி சொருவிக்கினு எறங்கிட்டா. கிருஷ்ணவேணி கூட்ட ஒரு கொட்டாங்கச்சில வெச்சு, அதுவும் குளிர்ல வெறைச்சிருக்கும் பாவம்னு ஹீட்டருக்கு ஓரமா செங்கல்லு மேல வெச்சிட்டு, ஓடிப்போய் கயித்த புடிச்சா. வலை கிட்ட வர வர தண்ணி கொதிக்கற மாதிரி பொங்குது! கட்லா, ரோகு, நடுவுல ஒரு வெராலு தொடை தண்டி. துள்ளி சேட்டு மூஞ்சிலயே அடிச்சுது. "கடல்ல கூட எவனும் என்னை அறைஞ்சதில்லடா!"ங்கறாரு.

கெழக்கு வெளுக்கறப்ப டெம்போ ஆரன் கேட்டுச்சு. கூடை கூடையா ஏத்தறாங்க. அந்த சந்தடில தாண்டவராயன் மெதுவா நவுந்து நவுந்து ஹீட்டருக்குப் பக்கத்துல வந்து கைய காட்டிக்கினு நின்னாரு. கிருஷ்ணவேணி பாத்துட்டா.

"நல்லா காயுங்க மாமா. பனி உங்களுக்கு மட்டும் வேறயா என்ன?"

அவரு பதில் சொல்ல வாயத் தொறந்தாரு. அப்ப கொட்டாங்கச்சிலருந்து ஒரு சத்தம். ர்ர்ர்ருன்னு. மூடின மண்ணுல ஒரு பொத்தல், பொத்தல்ல ரெண்டு மீசை. சூடு பட்டதும் தை மாசத்தையே பங்குனின்னு நெனச்சுக்கிச்சு போல! ஒரு குளவி ஈர ரெக்கைய ஒதறிக்கினு வெளிய வந்து, நேரா தாண்டவராயன் மூக்குக்கு எதிர்ல ஒரு சுத்து சுத்திச்சு.

"ஐயோ கொட்டிடப் போவுது!" பின்னால காலு வெச்சாரு. பின்னால சேறு. வேட்டி, துண்டு, மீசை எல்லாம் சேத்துல ஐக்கியம்!

தேவகி இடுப்பளவு தண்ணில நின்னு வலைய அலசிக்கினே சிரிக்கறா, சிரிச்சு சிரிச்சு கயித்தையே வுட்டுட்டா. குளவி மெதுவா அவ தலைக்கு மேல பறந்து போயி பனில மறைஞ்சுது. கிருஷ்ணவேணி அது போன தெசைய பாத்துக்கினே நின்னா. அப்பறம் மூத்தாருக்கு கைய நீட்டினா.

"எழுந்திருங்க மாமா. டெம்போ கெளம்புது. அடுத்த வருஷம் ஏலத்துல பாக்கலாம்."

அவ்ளோதான் கண்ணுங்களா. உங்க வூட்ல குளவி எங்க கூடு கட்டுச்சு? அடுப்புலயா, ரேடியோ பொட்டிலயா, சாவி ஓட்டைலயா? ஒடைச்சீங்களா, வுட்டுட்டீங்களா? கேஸு அடுப்பு, ஹீட்டரு எதுனா மக்கர் பண்ணி நீங்க பட்ட பேஜாரையும் சேத்து ஒண்ணு வுடாம எழுதுங்க. படிக்க கண்ணாடிய தொடைச்சு வெச்சுக்கினு கீறேன்.