அப்பாவின் கையில் காய்ப்பு

அப்பாவின் வலக்கையை விரித்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த மகள் பாதியில் நிறுத்தினாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அந்தக் கையாலேயே ஆணி அடிக்கலாம், அத்தனை கெட்டி.

“அண்ணே, இதப் பாரு. டம்ளரத் தூக்கக் கஷ்டப்பட்ட கையா இது?”

“போனவரு கையில போயி என்னடி ஆராய்ச்சி?”

அவர்கள் இனத்தில் தலை நரைத்தால் போதும், கையிலிருப்பதைப் பிடுங்கிவிட்டு நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். பெரியவர் குனிந்து துரும்பை எடுத்தால் பிள்ளைகள் ஊரில் தலைகாட்ட முடியாது. மகள் இன்னும் ஒரு படி மேலே. சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், சோறு ஊட்டினாள். விட்டால் அவருக்காகக் கொட்டாவியும் விட்டிருப்பாள். அதற்காகவே தன் தையல் கடையை இழுத்து மூடியவள். இத்தனை நாளும் ஏமாந்தோமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாலையில் மட்டும் அப்பா தடியூன்றி, ஆமைகளே அலுத்துக்கொள்ளும் வேகத்தில், ஓடைப் பாலம்வரை காற்றாடப் போவார். நேற்று பாலத்துக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

அந்தப் பக்கம் அக்கரைக்காரர்கள். வேறு இனம், வேறு பாஷை. அங்கே கிழங்கள் சாகிற அன்றுகூட விறகைப் பிளந்து அடுக்கிவிட்டுத்தான் சாகும். ஊருக்கு வரும் நர்ஸ் சொல்லிச் சிரிப்பாள்: “ஒரே தண்ணி, ஒரே காத்து. அங்க கெழடுங்க கூரை ஏறுது, இங்க கரண்டி தூக்கவே மூச்சு வாங்குது. ரத்தமே வேற போல!”

“அக்கரைக்காரங்க அப்பாவ மெரட்டி வேல வாங்கியிருக்காங்க” என்றாள் மகள்.

அப்போதுதான் அக்கரை விறகுக்காரர் வந்தார். அப்பா வயதுதான், இந்தப் பக்கத்துப் பாஷையும் பேசுவார். பெஞ்சு ஒன்றைத் தோளில் சுமந்துவந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் உட்காரட்டும் என்று வாசலில் போட்டார். மகள் நேரே போய் நின்றாள்.

“எங்கப்பாவ என்ன வேல வாங்குனீங்க?”

“நான் எங்கம்மா வாங்குனேன்? அவரே கோடாலியப் புடுங்கிக்குவாரு. பாலம் தாண்டுனதும் தடிய வேலியில சாத்திட்டு நடப்பாரு பாரு, கூட ஓட எனக்குத் தெம்பு பத்தாது.”

“பொய். அவருக்குப் பொத்தான் போடக்கூட வராது.”

“அதெல்லாம் வரும். வீட்டுக்குக் கெளம்பறப்ப வேணும்னே ஒண்ண மாத்திப் போட்டுக்குவாரு. ஏன்யான்னு கேட்டேன். ‘சரியாப் போட்டா மக மொகம் வாடிரும்’னாரு.”

மகள் திரும்பினாள். உள்ளே வந்து சுவரோரம் நின்றாள்.

கூடத்து மூலையில் அத்தை, அப்பாவின் அக்கா, நாற்காலியின் கைகளைப் பற்றி எழ முயன்றாள். “அத்தை, இருங்க, இருங்க!” அண்ணன் பாய்ந்தான். மகள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

“விடுடி, விழுந்துருவாங்க!”

அவள் விடவில்லை.

அத்தை பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் வரவில்லை. மறுபடி ஊன்றினாள். இம்முறை எழுந்து நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றவள், தம்பியின் தலைமாட்டை நோக்கி ஒரு காலை எடுத்து வைத்தாள்.